காத்து டப்பா

இனாயத்: அங்க கை வெக்காத கங்கா... தகடு கூரா கீது, கிழிச்சிடும்.

கங்காதரன்: கிழிச்சா கிழிக்கட்டும். இது பானெட்டுதானே? புதுசா போட்டியா பாய்?

இனாயத்: பழசு கருகிப் போச்சே... அதான் மாத்திட்டேன்.

கங்காதரன்: இன்னா கலரு?

இனாயத்: பச்சைதான். வாங்கும்போது இருந்திச்சே, அதே பட்டாளத்துப் பச்சை.

தேவானை: மாமா, போதும், ஒக்காரு. சைதாப்பேட்டையில இருந்து வெயில்ல நடந்தே வந்துகீறே.

கங்காதரன்: பார்த்தியா பாய்? நாலு மாசமா இதே பாட்டுதான். ஒக்காரு, படு, கஞ்சி குடி... கண்ணுதான் போச்சு, காலு கீது இல்ல?

தேவானை: இப்ப நான் இன்னா சொல்லிட்டேன்?

கங்காதரன்: ஒன்னும் சொல்லலம்மா. கோச்சுக்காத.

இனாயத்: தங்கச்சி, நீ ஒக்காரு. அந்தப் பெட்டி மேல... துணி போட்டுக் குடுக்கறேன்.

தேவானை: வேணாம். நான் நிக்கிறேன்.

இனாயத்: ம்... சரி.

கங்காதரன்: பாய், திங்கக்கிழமை வண்டிய எடுக்கிறோம். இவ தம்பி கோபால் ஓட்டுறான். மாம்பலத்துல ஏரியத் தூத்து மனை போடுற வேலை இன்னும் பாதி நிக்குதாம். மேஸ்திரி ஆள் மேல ஆள் உடுறாரு.

இனாயத்: நல்ல சேதி. வண்டி ரெடியா கீது. நேத்து கூட மவுண்ட் ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன்.

கங்காதரன்: அவன் ஓட்டுவான். நான் காத்து டப்பா கழுவுவேன்.

தேவானை: வழியெல்லாம் தலப்பாடா அடிச்சுக்கினேனே! அந்த டப்பா வேணாம்!

கங்காதரன்: கத்தாத. வாசல்ல ஆள் போவாங்க.

தேவானை: போவட்டும். அந்தப் பாழாப்போன டப்பாவத் தூக்கி அடையாத்துல போடு பாய். போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு இவருக்கு.

இனாயத்: தங்கச்சி சொல்றது சரிதான் கங்கா. அது இல்லாமலே ஓடட்டும்.

கங்காதரன்: இல்லாமயா? கொஞ்சம் இரு... கார்புரேட்டர் இங்க... அதுக்கு மேல குழாய்... டப்பா எங்க பாய்?

இனாயத்: கழட்டிட்டேன்.

கங்காதரன்: மறுபடியும் மாட்டு.

இனாயத்: மாட்ட மாட்டேன். உன்னுது மட்டும் இல்ல. ஊர்ல ஏழு லாரிக்கு மாட்டினேன் இல்ல, நானே ஒவ்வொருத்தன் வூடா போயி ஏழையும் கழட்டினு வந்துட்டேன்.

கங்காதரன்: ஏழையுமா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ஏன் கழட்டினே?

இனாயத்: நீயா என்னக் கேக்கறே... ஏன்னு?

தேவானை: மாமா, தண்ணி குடிக்கிறியா?

கங்காதரன்: தண்ணியும் வேணாம் ஒன்னும் வேணாம். பாய், அந்த ஏரி மண்ணு எப்படின்னு உனக்குத் தெரியாதா? அரிசி மாவு மாதிரி. முன்னால போற வண்டி கெளப்புறது அத்தனையும் நம்ம இன்ஜின் வாய்க்குள்ள போவும். மொத வருசம் டப்பா இல்லாமதானே ஓட்டினேன்? ஆறே மாசத்துல சிலிண்டர் தேஞ்சு, பொக பொகயாக் கக்குச்சு.

இனாயத்: தெரியும். தொறந்து பார்த்தது நான்தானே.

கங்காதரன்: அப்புறம் பிஸ்கோத்து டப்பாவ ஓட்டை போட்டு, உள்ள தேங்கா நாரு அடைச்சு, எண்ணெ தடவி நீ ஒன்னு செஞ்சு குடுத்தே. ரெண்டு வருசம் பாய்! ரெண்டு வருசம் இன்ஜினத் தொறக்கல. தூசி அத்தனையும் நாருல ஒட்டிக்கும், சுத்தமான காத்து மட்டும் உள்ள போவும். வாரம் ஒரு வாட்டி கழுவினாப் போதும்.

இனாயத்: கழுவத்தான் கண்ணு வேணுமே கங்கா...

கங்காதரன்: அதுக்கு எதுக்குக் கண்ணு? ஒன்னு குடு இங்க. செஞ்சு காட்டறேன்.

இனாயத்: பிடிவாதம் புடிக்கிறே... இந்தா. மண்ணாங்கட்டின்னு ஒருத்தன் கீறான் இல்ல, அவன் லாரியில இருந்து கழட்டினது. அழுக்கோட அப்படியே கீது.

கங்காதரன்: அப்படிக் குடு... இது காது வெச்ச மறை. இடது பக்கம் மூணு சுத்து... வந்துட்ச்சா? மூடி. வளையம். இது நாரு... அடேங்கப்பா! இவன் மாசக் கணக்கா கழுவவே இல்ல. களிமண்ணு மாதிரி அப்பிக்கினு கீது. கையில தெரியுது பாரு.

இனாயத்: ஆமா... கரிக்கட்டையா கீது.

கங்காதரன்: இத கிருஷ்ணாயில்ல ஊற வெக்கணும். கசக்கணும், புழியணும், நெழல்ல ஒலத்தணும். ஒலந்தப்புறம் இன்ஜின் எண்ணெயில முக்கி, சொட்டு நிக்கிற வரைக்கும் தொங்க உடணும். அப்புறம் அடைக்கணும். ரொம்ப எறுக்கி அடைச்சா மூச்சு முட்டும், தொளதொளன்னு உட்டா தூசி புந்துடும். சரியா பாய்?

இனாயத்: சரிதான்.

கங்காதரன்: இந்த ஒரு வேலையாவது எனக்கு இருக்கட்டும் பாய். சொவத்தப் பார்த்துக்கினு... சொவத்தக்கூட பார்க்க முடியல. சும்மா குந்திக்கினு கீறேன். கிருஷ்ணாயில் எடு.

இனாயத்: இங்க தீந்துபோச்சே.

தேவானை: நான் போய் வாங்கியாறேன்.

இனாயத்: நீ ஏன் தங்கச்சி, நான்...

தேவானை: முனையில தானே கடை? பாட்டில் குடு.

கங்காதரன்: போயிட்டாளா?

இனாயத்: போயிட்டா. தெருவுல எறங்கிட்டா. கங்கா, தங்கச்சிக்கு என் மேல இருக்கிற கோவம் போவாது. நாலு மாசமா என்ன எங்க பார்த்தாலும் தலையக் குனிஞ்சுக்கினு ஒதுங்கிப் போவுது. நான் தப்பா நெனைக்கல. புருசன் கண்ணப் பறிச்சவன்கிட்ட சிரிச்சா பேசும்?

கங்காதரன்: பாய்... கிட்ட வா. உனக்கு நான் பண்ணது சின்னக் காரியம் இல்ல. வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும், பாயி டப்பாவ சூட்டுக் குழாய் கிட்ட வெச்சுட்டான், அதான் பத்திக்கிச்சுன்னு சொன்னேன். ஒரு லாரிக்காரனும் இப்ப உன் ஷெட்டுக்கு வர்றதில்லன்னு கோபால் சொன்னான்.

இனாயத்: உள்ளதத்தானே சொன்னே.

கங்காதரன்: அவ இல்ல பாய், நாம ரெண்டு பேருதான். இப்பவும் எதுக்கு அப்படிப் பேசுறே?

இனாயத்: வேற எப்படிப் பேசறது? தெனம் குச்சி வெச்சு அளந்து பார்க்கறேன். குழாய்க்கும் டப்பாவுக்கும் ஒரு சாண் எடம் உட்டுருந்தேன். போதும்னுதான் நெனச்சேன், அல்லா சாட்சியா! இப்ப என் பொஞ்சாதி சகினா அடுப்பு மூட்டினா என்னால வூட்டுக்குள்ள இருக்க முடியல. எழுந்து வெளிய போயிடறேன்.

கங்காதரன்: பாய்... நீ நெசமாவே உன் தப்புன்னா நெனச்சுக்கினு கீறே?

இனாயத்: பின்ன யாரு தப்பு?

கங்காதரன்: ஐயோ... ஆஸ்பத்திரில உன்கிட்ட சொன்னேனே பாய்! எல்லாத்தயும் சொன்னேனே!

இனாயத்: இன்னா சொன்னே?

கங்காதரன்: பெட்ரோல்னு சொன்னேன்! அந்த டப்பாவப் பெட்ரோல்ல கழுவி, ஈரத்தோட மாட்டியிருந்திச்சுன்னு!

இனாயத்: பெட்ரோலா? நீயா? நீ கிருஷ்ணாயில் தவிர...

கங்காதரன்: நான் இல்ல. எனக்கு ரெண்டு நாளா ஜொரம். மாமா எழுந்திருக்கிறதுக்குள்ள அந்த வேலைய முடிச்சு வெப்போம்னு தேவானை கழுவியிருக்கா. வூட்ல கிருஷ்ணாயில் இல்ல. இங்க ஷெட்டுல நீ சாமானெல்லாம் பெட்ரோல்ல கழுவுறதப் பார்த்துக்கீறா. எல்லாம் ஒன்னுதான்னு நெனச்சுட்டா.

இனாயத்: யா அல்லா...

கங்காதரன்: காத்தால கஞ்சி குடுக்கும்போது அவ கையில அந்த வாசனை. லாரிக்காரன் வூடுதானே, எந்நேரமும் வர்ற வாசனைதானேன்னு உட்டுட்டேன். அப்புறம் கிளீனர் பையன் வேலு, வண்டியக் கெளப்ப முன்னால நின்னு ஆண்டில் சுத்தினான். நான் பானெட்டுக்குள்ள தலைய உட்டுப் பார்த்துக்கினு இருந்தேன். இன்ஜின் ஒரே ஒரு வாட்டி பின்னால அடிச்சு நெருப்பக் கக்குச்சு. மூஞ்சிக்கு நேரா டப்பா குப்புன்னு... அதான் நான் கடைசியாப் பார்த்தது.

இனாயத்: தங்கச்சிக்குத் தெரியுமா?

கங்காதரன்: தெரியாது. தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே கெணத்துல உழுந்துருப்பா. அதுக்குத்தானே உன்ன வேண்டிக்கினேன்? பழிய நீ வாங்கிக்கோ பாய், அவ காதுக்குப் போவாமப் பார்த்துக்கோன்னு.

இனாயத்: எப்ப வேண்டிக்கினே?

கங்காதரன்: மூணாம் நாளு. கண்ணுலயும் கட்டு, கையிலயும் கட்டு. யாரோ வந்து பக்கத்துல ஒக்காந்தாங்க. பாயான்னேன். பதில் இல்ல. நீ அழுவுறேன்னு நெனச்சேன். எல்லாத்தயும் சொன்னேன். நீ வாயத் தொறக்கல. கட்டு மேலயே கையப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்தினே. சரின்னு ஒத்துக்கினேன்னுதான்...

இனாயத்: கங்கா, நான் வார்டுக்குள்ள வரவே இல்ல.

கங்காதரன்: வெளையாடாத பாய்.

இனாயத்: கொரான் மேல ஆணையா சொல்றேன். நாலு நாளு வந்தேன். நாலு நாளும் ஆஸ்பத்திரி கேட் கிட்டயே நின்னுட்டு, உன் மூஞ்சியப் பார்க்க தைரியம் இல்லாம திரும்பிட்டேன்.

கங்காதரன்: அப்போ... அது யாரு கை?

இனாயத்: கொஞ்சம் இரு கங்கா... வாசல் பக்கம்...

கங்காதரன்: பாய்! யாரு கைன்னு கேக்கறேன்!

இனாயத்: தங்கச்சி... நீ எப்ப வந்தே?

கங்காதரன்: தேவானையா? எவ்ளோ நேரமா அங்க நிக்கிறே? ஏய்... பேசுடி!

தேவானை: உன் டப்பா மேல ஒரு குத்தமும் இல்ல பாய்... அது தெரிஞ்சும் நாலு மாசம் உன்ன வேக வெச்சுட்டேன், என்ன மன்னிக்காத. மாமா, அது என் கைதான். நீ பாய்னு கூப்டே, நான் வாயத் தொறந்திருந்தா தேவானைன்னு தெரிஞ்சுருக்கும். எனக்குத் தெரியக் கூடாதுன்னு என் கையவே புடிச்சுக்கினு கெஞ்சினியே... என்னக் காப்பாத்துறேன்ற அந்த நெனப்பு ஒன்னுதான் உன்கிட்ட மிச்சம் இருந்திச்சு, அதயும் எப்படிப் புடுங்குவேன்? அதான் அழுத்திட்டு, எழுந்து வந்துட்டேன்.