பால் கலந்த தேத்தண்ணி

காலையில் நேரத்தோடு எழும்புவது சிறுவயதிலிருந்தே எனக்குப் பழக்கம். அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களிலும் வாட்டில் முதலில் முகம் கழுவுகிறவள் நான்தான்.

எண்பத்தாறாம் ஆண்டு, சண்டைக் காலம். மன்னாருக்கு வரும் பாதை ஒரு கிழமை திறந்திருக்கும், மறு கிழமை பூட்டியிருக்கும். எங்கள் ஊரான கீரியிலிருந்து அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன். வயிற்றில் கட்டி. அடுத்த கட்டிலில் வெள்ளாங்குளத்துக் காத்தாயி. அவளுக்கும் அதே. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய கூலிக் குடும்பம். சின்னப் பிள்ளைகளைப் புருஷன் மாரிமுத்துவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கொழும்பிலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் வந்தார். அடுத்த நாளே இராணுவ வாகனங்களோடு திரும்ப வேண்டும். இருந்த ஒட்சிசன் ஒரு பெரிய சத்திரசிகிச்சைக்குத்தான் காணும். நான் விலங்கியல் பட்டதாரி என்று அறிந்ததும் விளக்கமாகவே சொன்னார். காத்தாயிக்கு இருப்பது வழமையான புற்றுநோய் இல்லை. இரைப்பையின் தசைச் சுவரில் முளைக்கும் அபூர்வமான கட்டி. வேகமாக வளரும். உறை இன்னும் உடையவில்லை. சுற்றியுள்ள நல்ல தசையோடு முழுதாக வெட்டி எடுத்தால் பிழைப்பாள். உடைந்தால் வயிறு முழுக்கப் பரவிவிடும்.

"உங்கட அம்மாவுக்கு ஏற்கெனவே பரவியிருக்கும் போல, பிள்ளை. நாளைக்கு மற்றவவைத்தான் செய்யப்போறன்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அது வேறு யாருடைய அம்மாவாக இருந்திருந்தாலும் நானும் அப்படியே முடிவெடுத்திருப்பேன்.

காத்தாயி பகிடிக்காரி. "வயித்துக்குள்ள மரவள்ளிக் கெழங்கு வெளைஞ்சிருக்கு. டாக்டரய்யா புடுங்கினா, அவருக்கே அவிச்சுக் குடுத்துட்டுப் போறேன்," என்றாள். அம்மா சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள்.

விடியும்வரை எதையும் வாயில் வைக்கக்கூடாது, விடிந்த பிறகும் கூடாது என்று வாட்டுத் தாதி செலீனா மிஸ்ஸி அவளிடம் சொல்லித்தான் இருந்தார். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பால் போடாத சாயத்தண்ணி சாப்பாட்டில் சேராது. எழும்பினால் குடிப்பார்கள், முகம் கழுவுவது போல.

விடிய, என்னிடம் கேட்டாள். "தங்கச்சி, நீங்க படிச்சவங்க. சாயத்தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தேத்தண்ணிதானே. இருங்கோ, ஊத்தித் தாறன்."

வெறுந்தேநீர் இரைப்பையில் அதிக நேரம் நிற்காது. பால் நிற்கும். பால்மாவைத் தடிப்பாகக் கரைத்தேன். சுடாத அளவுக்கு ஆற்றிக் கொடுத்தேன்.

"பால் வேற போட்டிருக்கீங்களா. நமக்கெல்லாம் யாரு போட்டுத் தர்றா?" என்று முழுவதையும் குடித்தாள்.

கோப்பையை நான் கழுவவில்லை. செலீனா மிஸ்ஸியின் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். மறைத்திருந்தால், மயக்கத்தில் வயிற்றிலிருப்பதைச் சத்தியெடுத்து, அது சுவாசப்பைக்குள் போய் இறந்திருப்பாள். அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை.

வைத்தியர் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். "ஆர் குடுத்தது?"

காத்தாயி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நானேதான் கலக்கிக் குடிச்சேங்கய்யா. புத்தியில்லாம."

அவர் அவளை ஏசினார். பிறகு நேரத்தைப் பார்த்தார். அவள் வயிறு காலியாகும்வரை இராணுவ வாகனங்கள் காத்து நிற்காது. அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள்.

அம்மாவின் வயிற்றைத் திறந்தார், ஈரலைப் பார்த்தார், மூடினார். மயக்கம் கொடுத்ததில் ஒட்சிசன் பெரும்பகுதி போய்விட்டது. காத்தாயியைக் கொழும்புக்கு வரச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். அந்தக் கிழமையே பாதை பூட்டினார்கள்.

அம்மா தவக்காலத்துக்குள் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசல் படலையடியில் மாரிமுத்து நின்றார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"காத்தாயியும் போயிட்டாம்மா. கட்டி உள்ளுக்கேயே ஒடைஞ்சிருச்சு. தேத்தண்ணி குடுத்தது நீங்கதான்னு எங்கிட்டச் சொன்னா. 'அந்தத் தங்கச்சி தெரியாமக் குடுத்துருச்சு, ஏசிப்புடாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தெரிந்துதான் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அதை இப்போது சொல்கிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். அன்று வைத்தியரிடம் பொய் சொன்னவள் காத்தாயி. நான் யாரிடமும் ஒரு பொய்யும் சொல்லவில்லை.