வெர்னா வீட்டுக் காற்று

சோளம் அறுத்த களைப்போடு வந்து, சுடச்சுடச் சில்லிக் குழம்புக் கிண்ணத்தோடு இந்தத் தீயணைப்புக் கூடத்தை நிறைத்திருக்கும் லிண்டன்வில் பெருமக்களே! இந்த விருந்துக்குத் தலைமை தாங்கி, "பத்து நிமிஷம்தான் லீலண்ட், மேல போச்சுன்னா மைக்கைப் பிடுங்கிருவேன்" என்று அன்பு ததும்ப எனக்கு அனுமதி வழங்கியிருக்கும் டோரீன் வெசெலி அம்மையார் அவர்களே! அடுப்படிச் சன்னல் வழியாகக் கரண்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அருமை நண்பர் கெய்லன் பிரான்ட் அவர்களே! வலிக்கும் முழங்காலையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துப் பிள்ளைகளின் வாயை அடைத்து வைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, "வீட்டுச் சூடேற்றிக்கும் குளிரூட்டிக்கும் ஏற்ற காற்று வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்." ஆகா! எவ்வளவு நீளமான தலைப்பு! இந்தத் தலைப்பில் பேசத் தகுதி உள்ளவனா இந்த லீலண்ட் ஸ்டுக்லிக்? தானியக் கிடங்கில் லாரிக்கு எடை போட்டுக் காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்தது எடை. எனக்குத் தெரியாதது காற்று. யாரது பின்னால் கை தட்டுவது? தெரியாது என்று சொன்னதற்கா கை தட்டுகிறீர்கள்? இருக்கட்டும், இருக்கட்டும்.

கடைக்குப் போனேன் ஐயா, என் வீட்டுக்கு ஒரு வடிகட்டி வாங்க. சுவர் முழுக்க வடிகட்டி! எட்டு என்று ஒரு எண், பதினொன்று என்று ஒரு எண், பதின்மூன்று என்று ஒரு எண். எண் ஏற ஏற வடிகட்டியின் கண் சிறுக்கிறது. கண் சிறுக்கச் சிறுக்கத் தூசு நிற்கிறது. தூசு நிற்க நிற்கக் காற்றும் நிற்கிறது! தூசு போகக்கூடாது, காற்று போக வேண்டும். இரண்டும் வருவது ஒரே வழியில். அந்த அட்டைக்கு எப்படித் தெரியும் எது தூசு, எது காற்று என்று? எனக்கே தெரியவில்லையே! நின்றேன், நினைத்தேன், நெற்றியைத் தடவினேன், பேட்டரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் அதே கடையில் அதே சுவருக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சிரிக்க முடியாத கதை ஒன்று உண்டு. அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே நம் வெர்னா கோல்டர்மன், அவர் வீட்டில் நடந்தது. சொல்லலாமா வெர்னா? "சொல்லுங்க, ஆனா கூட்டிச் சொல்லாதீங்க" என்கிறார். கூட்டாமல் சொல்ல முயல்கிறேன்.

வெர்னாவுக்கு மூச்சுக் கோளாறு. அறுவடை தொடங்கிவிட்டால் நம் ஊர்க் காற்றில் பாதி சோளத் தூசு. வீட்டுக்குள்ளாவது காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அரிசோனாவில் இருக்கும் மகன் கர்ட்டிஸ் கேட்டானா? "அந்த வீட்டை வித்துட்டு என்கூட வந்துரும்மா" என்று ஒரே பிடி. வெர்னா மறுக்க, அவன் மறுபடி கேட்க, கடைசியில் ஓர் ஒப்பந்தம். சனிக்கிழமை அவன் வருவான், வீட்டைப் பார்ப்பான், குறை இல்லை என்றால் வாயைத் திறக்க மாட்டான், குறை இருந்தால் வெர்னா பெட்டி கட்ட வேண்டும். கணவரோடு கட்டிய வீடு, ஐயா. அந்த ஒரு சனிக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை என் தொலைபேசி அலறியது. "லீலண்ட், வீடு சில்லுன்னு கெடக்கு. ஃபர்னஸ் எரியுது, அணையுது, எரியுது, அணையுது. மத்தியானம் கர்ட்டிஸ் வந்துருவான். கொஞ்சம் ஓடி வாங்களேன்."

ஓடினேன். நிலவறைக்கு இறங்கினேன். சூடேற்றி இயந்திரம் எரிகிறது. நீலச் சுடர், நல்ல சுடர். சற்று நேரம் போனதும் சுடர் போச்சு, குளிர்காற்று மட்டும் வருகிறது. இரும்பைத் தொட்டால் கை பொசுங்குகிறது! என்ன கொடுமை இது? இயந்திரத்துக்குச் சூடு தாங்கவில்லை, அதனால் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. இயந்திரத்துக்கு வேர்க்கிறது, வெர்னாவுக்கு நடுங்குகிறது. காற்று ஓடவில்லை, ஓடாத காற்று சூட்டைச் சுமக்கவில்லை. சரி, வடிகட்டி அடைத்திருக்கும் என்று உருவிப் பார்த்தேன். பளபள என்று புத்தம் புதிது! எனக்குத் தலை சுற்றியது. அழுக்காக இருந்தால் குற்றம் சொல்லலாம். புதிதாக இருந்தால் யாரை வைவது?

கெய்லனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு அவர் சொல்கிறார், "ஃபில்டர்ல ஒரு குத்தமும் இல்ல. போன வாரம் நான்தான் போட்டேன்."

"வெர்னாகிட்ட சொன்னியாய்யா?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா உடனே ஒரு தட்டு கொலாச்சி பன்னு சுட்டு எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. முடியாத உடம்போட அவங்களுக்கு எதுக்கு வேலை?"

இது நம் ஊர் வழக்கம் அல்லவா, பெருமக்களே? உதவி செய்வோம், சொல்ல மாட்டோம். சொன்னால் தற்பெருமை! பக்கத்து வீட்டுப் பனியை விடியுமுன் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் காப்பி குடிப்போம். நல்ல வழக்கம்தான். நானும் அப்படித்தான். கேளுங்கள், மேலே கேளுங்கள்.

அப்போது நம் தலைவி அவர்கள் ஒரு பாத்திரம் நிறைய உணவோடு உள்ளே வருகிறார். "ஃபில்டரா? நடையில மேல காத்தை உள்ள இழுக்குற கிராதி ஒண்ணு இருக்கே, அதுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. புதுசுதான். வெர்னா ஆஸ்பத்திரி போயிருந்தப்போ நான் மாட்டினேன். பதிமூணாம் நம்பர், கடையிலயே ஒசத்தி!"

"அடியே டோரீன், கீழ நான் ஒண்ணு போட்டிருக்கேன்!" என்று கெய்லன் கத்த, "எனக்கு எப்படிய்யா தெரியும்? நீ சொன்னியா?" என்று இவர் கத்த, "நீ சொன்னியா?" என்று அவர் திருப்பிக் கேட்க... தலைவி அவர்களே, மைக்கைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் ஆகவில்லை.

மேலே இருந்ததைக் கழற்றினோம். காத்திருந்தோம். எரிந்தது. அணைந்தது. மறுபடி அணைந்தது! மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இனி என்ன அடைப்பு? எங்கே அடைப்பு? காற்றே, நீ எங்கேதான் போகிறாய்? அந்த நேரம் பார்த்து வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம்.

கர்ட்டிஸ் உள்ளே வந்தான். மேல்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்தான். "அம்மா, சொந்த வீட்டுக்குள்ள கோட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. இனிமே என்னம்மா பேச்சு?" என்றான். குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. கோபத்தில் இல்லை, பயத்தில். வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சன்னலைப் பார்த்தபடி இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் மண்டியிட்டேன். சூடான காற்று வெளியே வரும் தரைத் துவாரத்தில் கையை வைத்தேன். சூடு வருகிறது, ஆனால் மூச்சுவிடுவதைப்போல மெல்ல வருகிறது. இரும்பு மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஒரு துணி! துவாரத்தின் அளவுக்கு அழகாக வெட்டி வைத்த வடிகட்டித் துணி. வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது சாம்பல் நிறம். அடுத்த அறைக்குப் போனேன், அங்கும் துணி. அதற்கடுத்த அறையிலும் துணி! "யாருய்யா இது?" என்றேன். கெய்லன் இல்லை என்று தலையை ஆட்டினார். டோரீன், "பைபிள் மேல கையடிச்சுச் சொல்றேன், நான் இல்ல" என்றார். அப்புறம் வாசலிலிருந்து சின்னக் குரல்.

"நான்தான். செப்டம்பர் லீவுக்கு வந்தப்ப வச்சேன். தூசு ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?" என்றார் வெர்னா.

"நீ கவலைப்படுவேன்னும்மா."

பெருமக்களே! உள்ளே இழுக்கும் வழியில் ஒருவர் அன்பு, இயந்திரத்தின் வாயில் ஒருவர் அன்பு, வெளியே விடும் வழியில் பெற்ற பிள்ளையின் அன்பு. அத்தனை அன்பையும் தாண்டிக் காற்று எப்படி வரும்?

வெர்னா எழுந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "என் மூச்சுக்காக ஆளுக்கொரு பக்கம் அடைச்சீங்களே, மூச்சு விடுறது நான்தானே? ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா? எனக்கு நெஞ்சுதான் சரியில்ல, வாய் நல்லாத்தான் இருக்கு! எல்லார்கிட்டயும் என் வீட்டுச் சாவி இருக்கு. எடுங்க, மேசை மேல வைங்க. கர்ட்டிஸ், நீயும்தான்."

வைத்தோம். ஒவ்வொருவராக வைத்தோம். பிறகு அவரே ஆணையிட்டார். "துணி எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. நடையில ஒண்ணும் வேண்டாம். கீழ இருக்குற ஒண்ணு போதும்." என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று, நிலவறைக்கு இறங்கினார். இயந்திரக் கதவுக்குள் ஒட்டியிருந்த அளவைத் தானே வாசித்தார். கெய்லன் போட்டது அதே அளவு, பதினொன்றாம் எண், காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி இயந்திரத்தைப் பார்த்து. சரியாகத்தான் போட்டிருந்தார், பாவம். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நாங்கள் உட்கார்ந்து உணவைக் காலி செய்தோம், அது அணையவே இல்லை. வெர்னா கோட்டைக் கழற்றி நாற்காலி மேல் போட்டார். கர்ட்டிஸ் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: "லீலண்ட், எந்த எண்தான் வாங்குவது?" ஐயா, என்னைக் கேட்காதீர்கள்! இன்னும் எனக்குக் குழப்பம்தான். உங்கள் இயந்திரத்தின் கதவைத் திறந்து அளவைப் பாருங்கள். அது இழுக்கக்கூடிய கண் எது என்று அதன் புத்தகத்தைப் பாருங்கள். ஓர் இடம், ஒரு வடிகட்டி. அறுவடைக் காலத்தில் மாதம் தவறாமல் உருவிப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் எனக்குக் குழப்பமே இல்லாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன். நாளைக்கே உங்கள் கை துறுதுறுக்கும், பக்கத்து வீட்டுக்கு நல்லது செய்ய. செய்யுங்கள்! தாராளமாகச் செய்யுங்கள்! ஆனால் கதவைத் தட்டுங்கள்! கேளுங்கள்! கேட்டதைச் செய்யுங்கள்! செய்ததைச் சொல்லுங்கள்! சொன்னால் தற்பெருமை என்றால், அந்தத் தற்பெருமை ஆளைக் கொல்லாது. சொல்லாத அன்பு ஒரு வீட்டையே அடைத்துவிடும், அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கர்ட்டிஸ் விமானத்துக்குக் கிளம்பினான். தனியாகத்தான் கிளம்பினான். "அப்ப நீ வரலையாம்மா?" என்றான். "இது என் வீடுடா. மூச்சு முட்டினா நானே கூப்பிடுறேன்" என்றார் வெர்னா. பிறகு மேசையில் கிடந்த சாவிகளில் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினார். மற்றவை இன்னும் அங்கேயே கிடக்கின்றன. டோரீன் அழைப்புமணி அடிக்கிறார். கெய்லன் பின்வாசலில் நின்று குரல் கொடுக்கிறார். நான் கதவைத் தட்டிவிட்டு, அவர் மெல்ல நடந்து வரும் வரைக்கும் வாசலில் நிற்கிறேன்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், மைக்கை விட்டுவைத்த தலைவி அவர்களுக்கும், சில்லி ஆறும் வரை அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வெர்னா, உங்களுக்கும் நன்றி, வணக்கம். கூட்டிச் சொல்லிவிட்டேனா?