கட்டங்கள் சேரும் இடத்தில்

எங்கள் அறையில் வெளிச்சம் நன்றாக விழும் இருக்கை ஒன்றுதான் உண்டு. என்னைவிட இளையவள் என்பதால் நான் சின்னவள் என்று கூப்பிடுகிற பெண் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை அவளுக்கு விட்டுக்கொடுத்தவள் நான். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

எங்கள் வேலை இதுதான். கருந்துளையைச் சுற்றி ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், காந்தப்புலத்தோடு பின்னிக்கொண்டு பாய்கிற வாயுவைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்போம். அதற்கு வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். அமைதியான இடத்துக்குப் பெரிய கட்டம் போதும். கொந்தளிக்கிற இடத்தில் கட்டம் தானே பிளந்து பொடிப்பொடியாகும். எவ்வளவு கொந்தளித்தால் பிளக்கலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. நிரலை எழுதியவள் நான். பத்தொன்பது வருடமாக அந்த எண்ணும் என் பொறுப்பு.

பெரிய கட்டமும் சின்னக் கட்டமும் சேரும் இடத்தில், இல்லாத காந்தப்புலம் முளைப்பதைச் சின்னவள்தான் கண்டுபிடித்தாள்.

"அக்கா, இது தப்பாச்சே. இதை நம்பி எத்தனை பேர் பட்டம் வாங்கிட்டுப் போயிருக்காங்க பாவம்" என்று சிரித்தாள்.

தப்பு என்னுடையது. அவள் சிரித்ததற்காக நான் எதுவும் செய்யவில்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வு மைய இயக்குநரிடம் அவள் அதைக் காட்டிய அன்று, எண்ணை ஒரு துளி மாற்றிவைத்தேன். கட்டங்கள் சேரும் இடம் தள்ளிப் போனது, தப்பு மறைந்தது. அவர் போனதும் பழைய எண்ணைப் போட்டேன். மறுநாள் அவள் திரையில் மறுபடி முளைத்தது. ஏழு மாதம் இப்படியே நடந்தது.

"நேத்து இங்கதான் இருந்துச்சுக்கா. என் கண்ணால பார்த்தேன்."

"வேற எதையாவது பார்த்திருப்பேம்மா. சரியாத் தூங்குறியா?"

"உங்க மெஷினுக்கு என்மேல ஏதோ கோவம்."

முதலில் இப்படிக் கேலி பேசினாள். பிறகு பேச்சு குறைந்தது. கதவைப் பூட்டினேனா, கையெழுத்துப் போட்டேனா என்று என்னைக் கேட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். "நீங்க கூட இருக்கறதாலதான் அவ தாக்குப்பிடிக்கிறா" என்று அவள் கணவர் போனில் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

சின்னவளுடைய குழந்தை விஷயத்தில் எனக்கு என்ன பங்கு என்று கேட்கிறீர்கள். அவள் மகளுக்கு நாலு வயது. பிறவியிலேயே இதயக் கோளாறு. தினமும் ஒரு வேளை சொட்டு மருந்து, ஒரு சொட்டு கூடினாலும் உயிருக்கே ஆபத்து. எனக்குத் தெரியும். அன்று காலை சின்னவள் போன் செய்தாள்: "பாப்பாவுக்கு மருந்து குடுத்துட்டேன்க்கா. கொஞ்சம் லேட்டா வரேன்."

அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டாள். "அக்கா, மருந்து குடுத்துட்டேன்னு உங்ககிட்ட சொன்னேனா?"

"இல்லையேம்மா. லேட்டாகும்னு மட்டும்தான் சொன்னே."

அன்று காலையிலேயே அதற்கப்புறமும் இரண்டு முறை கேட்டாள், ஐயா. இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொன்னேன். மாற்றிச் சொல்லியிருந்தால், பாவம், குழம்பிப் போயிருப்பாள்.