டியூப் இல்லாத சக்கரம்

அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் இளைஞர் கியர் சைக்கிளின் முன் சக்கரத்தை மடியில் வைத்திருந்தார். தலையில் போட்ட ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இதுல டியூபே கிடையாதுண்ணே. இனி பஞ்சரே ஆகாது,” என்றார், பக்கத்திலிருந்த வேட்டிக்காரரிடம்.

“அப்பறம் ஏந்தம்பி பஸ்ல வர்ற?”

“டயரு ரிம்மோட கவ்விப் பிடிக்கணும்ணே. அதுக்குக் கைப்பம்பு பத்தாது. பெட்ரோல் பங்க்ல கம்ப்ரஸர்ல காத்தடிக்கப் போறேன்.”

“நேத்தும் இதத் தூக்கிட்டுத்தான வந்த?”

“அந்தக் காத்து ராத்திரியே இறங்கிருச்சுண்ணே.”

சக்கரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ சொட்டியது. அவர் வேட்டியை இழுத்துக்கொண்டார்.

“என்னய்யா இது, பாலு கணக்கா ஒழுகுது?”

“மருந்துண்ணே. எம்புட்டுப் பெரிய முள்ளு குத்துனாலும் ஓட்டைய அதுவே அடைச்சுக்கிரும்.”

“மொதல்ல ஒழுகுற எடத்த அடைக்கச் சொல்லு.”

வேட்டிக்காரர் இறங்கும் இடம் வந்தது. எழுந்தவர் நின்று கேட்டார்: “ஆமா, பின் சக்கரம் எப்புடி இருக்கு?”

“அதுல பழைய டியூப்புதாண்ணே. ஒரு தொந்தரவும் இல்லாம ஓடுது. அடுத்த வாரம் அதையும் மாத்திரணும்.”