துபாஷியைத் தந்தவருக்குக் கை தூக்காதவர்கள் எழுதுவது

பணிநிறைவு காணும் எங்கள் பெருமதிப்பிற்குரிய முதுநிலை நிரலாளருக்கு, பிழை கண்ட இடத்திலும் பிறரைப் பழிக்காத பெருந்தகைக்கு, பதவியைக் கேட்காமல் பொறுப்பை மட்டும் கேட்டு வாங்கிய பண்பாளருக்கு, 'துபாஷி அக்கா' என்றே நாங்கள் அழைத்துப் பழகிய அன்புச் சகோதரிக்கு, மருத்துவமனை மென்பொருள் பிரிவின் ஏழு பேரும் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

இந்த விழாவின் அழைப்பிதழோடு அக்காவின் வீட்டுக்குப் போனபோது, "அம்மா ஆபீஸ்ல என்னதான் பண்றாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல" என்றார் அவர் மகள். சமையலறையிலிருந்து, "எனக்கும்தான்" என்றார் அவர் கணவர். இருவரும் இப்போது முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே நடந்ததை அவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறோம்.

நோயாளியின் விவரங்கள் தரவுத்தளத்தில் கட்டங்கட்டமாகக் கிடக்கும். பெயர் ஓர் அட்டவணையில், மருந்து இன்னொன்றில், ஒவ்வாமை மூன்றாவதில். நாங்கள் கணினிக்கு எழுதும் நிரலுக்கோ நோயாளி என்பவர் இவையெல்லாம் சேர்ந்த ஒரே ஆள். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு வினாவையும் கையால் எழுதி ஒட்டவைத்துக் காலம் தள்ளினோம். ஒருமுறை ஒவ்வாமைக் கட்டத்தின் பெயரை மாற்றினோம். அறுபத்து மூன்று இடங்களில் திருத்தியவர்கள் ஓர் இடத்தைக் கோட்டைவிட்டோம். மறுநாள் காலை, எங்கள் மென்பொருள் ஓடும் ஒரு மருத்துவமனையில் அச்சான மருந்துச்சீட்டுகளில் எச்சரிக்கை வரியே இல்லை. நோயாளியை முகம் பார்த்து அறிந்த மருந்தாளர் ஒருவர், "இந்தம்மாவுக்கு இந்த மருந்து ஆகாதே" என்று நிறுத்தியதால் தப்பித்தோம்.

அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை. அடுத்த ஏழு மாதங்களில், அட்டவணைக்கும் நிரலுக்கும் நடுவில் நின்று இரண்டின் மொழியையும் பேசும் ஒரு கருவியை எழுதி முடித்தார். அதற்கு, மொழிபெயர்ப்பாளர் என்ற பொருளில், நாங்கள் வைத்த பெயர்தான் துபாஷி. கட்டத்தின் பெயர் மாறினால் இனி ஓரிடத்தில் சொன்னால் போதும், மற்ற இடங்களுக்கு அது பார்த்துக்கொள்ளும். "கையால எழுதினா இன்னும் வேகமா ஓடுமே" என்று முணுமுணுத்தவர்களும் இருந்தோம். "எங்க வேகம் வேணுமோ அங்க எழுதுங்க, நான் தடுக்கல. மத்த இடத்துல ஒரே வரியை எதுக்குத் திருப்பித் திருப்பி எழுதணும்?" என்றார். நான்கே மாதங்களில் முணுமுணுப்பு அடங்கியது.

இனிச் சொல்லப்போவது பாராட்டு மடல்களில் வழக்கமாக இடம்பெறாதது.

துபாஷியை ஊருக்கே திறந்துவிட வேண்டும், அதன் நிரலை யாரும் படிக்கவும் எடுக்கவும் திருத்தவும் வழி செய்ய வேண்டும் என்று அக்கா விரும்பினார். அன்றைய மேலாளர், "உங்க குழு ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆக, முடிவு எங்கள் கையில். இரண்டாம் மாடியில், ஜன்னல் திறக்காத கூட்ட அறையில் உட்கார்ந்தோம்.

"நம்ம குப்பையை நாமளே ஊருக்குக் காட்டணுமா, அக்கா?" என்று ஆரம்பித்தவர், எங்கள் எழுவர் சார்பில் இந்த மடலை இப்போது வாசிக்கும் மென்பொருள் சோதனையாளர். "நீங்க கஷ்டப்பட்டு எழுதினது. யாரோ சும்மா எடுத்துட்டுப் போவாங்க" என்றார் இன்னொருவர்.

"எடுத்துட்டுப் போகட்டுமே. எடுத்தவங்க உபயோகிப்பாங்க. உபயோகிச்சா ஓட்டை தெரியும், தெரிஞ்சா சொல்வாங்க. இப்ப இதோட உள்விஷயம் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். நாளைக்கு நான் படுத்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார் அக்கா.

ஒப்புதல் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றபோது அக்காவின் கை மட்டும் மேலே போனது. சற்று நேரம் அப்படியே இருந்து, பிறகு இறங்கியது. கம்பெனியின் நன்மைக்காக என்று அன்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம். அந்நியர்கள் படித்தால் நாங்கள் ஆங்காங்கே ஒட்டுப்போட்டு வைத்த வரிகளும் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம்.

அக்கா படுக்கவில்லை. படுத்தவர் அவர் கணவர். இதய அறுவை சிகிச்சை நடந்த நாளில் மூன்று மருத்துவமனைகளில் நோயாளிப் பட்டியல் திறக்கவே இல்லை. பட்டியலில் முந்நூறு பேர் இருந்தால் துபாஷி ஒவ்வொருவருக்காகவும் தரவுத்தளத்திடம் தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது பிடிபடவில்லை. அழைத்தோம். ஒருமுறை அல்ல, பதினோரு முறை. அறுவை அரங்குக்கு வெளியே நடைவழி நாற்காலியில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அக்கா அதைச் சரிசெய்தார். கணவர் கண்விழித்து முதலில் தேடியபோது அவர் பக்கத்தில் இல்லை, எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஐயா, அன்று அந்தக் கருவியை அறிந்தவர்கள் வெளியே நான்கு பேர் இருந்திருந்தால் அந்த நேரம் உங்களுடையதாக இருந்திருக்கும். இதைச் சொல்ல எங்களுக்கு ஆறு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

இதற்குள், எங்கோ யாரோ எழுதித் திறந்துவிட்ட வேறொரு கருவி பல கைகள் பட்டு வளர்ந்தது. சென்ற ஆண்டு, அதற்கே மாறிவிடலாம் என்று முடிவானது. துபாஷியைக் கழற்றும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று நாங்கள் தயங்கியபோது, "நானே எடுத்துடறேன். மத்தவங்க எடுத்தா எதையாவது உடைப்பீங்க" என்றார். ஓராண்டு காலம், கோப்பு கோப்பாக, தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே பிரித்தெடுத்தார். ஒரு மருத்துவமனையிலும் ஒரு மருந்துச்சீட்டும் தவறவில்லை.

சென்ற மாதம், துபாஷியை ஊருக்குத் திறந்துவிட அனுமதி கேட்டு, நாங்களே இன்றைய மேலாளரிடம் போய் நின்றோம். "இனி அது யாருக்கு வேணும்? தாராளமா வெளியிடுங்க" என்றார். வெளியிட்டோம். சோதனையாளர் அதைச் சொன்னபோது அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"எனக்குக் கோபம் இல்லப்பா. வருத்தமும் இல்லன்னு சொன்னா அது பொய். அப்ப விட்டிருந்தா வளர்ந்திருக்கும். இப்ப யாராவது படிச்சுப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்."

அதுவே சரியான கணக்கு, அக்கா. அதை மாற்றிச் சொல்ல எங்களிடம் ஆறுதல் எதுவும் இல்லை. அறிவை அலமாரியில் பூட்டியவர்கள் நாங்கள். அலமாரிக்குக் காவலாக உங்களையே நிறுத்தியவர்களும் நாங்கள். இருபத்தாறு ஆண்டுகள் உங்கள் நிழலில் பிழைத்தவர்கள், உங்கள் ஒரே ஒரு விருப்பத்துக்கு ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. மன்னிப்பு கேட்கிறோம். தர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

உடல்நலமும் உள்ளநலமும் குன்றாமல், கணவரும் மகளும் சூழ நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். நிதானமாகச் சாப்பிட வேண்டும். நடுவில் எழுந்து போகாமல் ஒரு பேச்சைப் பேசி முடிக்க வேண்டும். இன்று காலை, அவசர அழைப்புப் பட்டியலிலிருந்து உங்கள் எண்ணை நீக்கிவிட்டோம். அங்கே இப்போது எங்கள் ஏழு பேரின் எண்கள் இருக்கின்றன. பழக்கதோஷத்தில் எங்களில் யாராவது அழைத்தால், தயவுசெய்து எடுக்காதீர்கள்.

என்றும் கடன்பட்ட
மருத்துவமனை மென்பொருள் பிரிவினர் எழுவர்