மூணு கால் நாற்காலி

— அதெப்படி தங்கச்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல நடக்கப்போற கவிதை வாசிப்பு, காலைப் பேப்பர்லயே "இனிதே நடந்தது"ன்னு வந்திருக்கு?

— மெதுவாப் பேசுங்கண்ணே! முந்தின நாளே அறிக்கை அடிச்சு அனுப்பணும்கிறது நம்ம ஆபீஸ் வழக்கம்தானே. நான் பதிவாளருக்குத்தான் அனுப்பினேன். அங்கேருந்து எவனோ பேப்பருக்குத் தள்ளிவிட்டிருக்கான். என் நேரம்.

— முப்பது வருஷமா இந்த இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டுக்கு பியூனு, எனக்கா தெரியாது? போன வருஷம் வரவே வராத பேராசிரியர் "சிறப்பாக உரையாற்றினார்"னு போட்டவங்கதானே நாம. நமக்கெதுக்கு வம்பு. ஆனா, "கவிஞர் இந்த நான்கு வரிகளை வாசித்தபோது அரங்கமே கண்கலங்கியது"ன்னு அடிச்சிருக்கியே, அந்த நாலு வரி ஏது?

— நானே எழுதினது.

— அடிப்பாவி!

— வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கவிஞர் புத்தகம் ஹெச்.ஓ.டி. அம்மா அலமாரியில இருக்கு, மேல சுத்தின பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கலை. சாவி அவங்க கைப்பையில. மேற்கோள் இல்லாம அறிக்கை கொடுத்தா மூஞ்சியில விட்டெறிவாங்க. நிமிர்ந்து பார்த்தேன். இதோ, இந்த உடைஞ்ச நாற்காலி சுவத்துல சாய்ஞ்சு நின்னுது. இங்கிலீஷ்ல நாலு வரி தட்டிட்டேன்.

— தமிழ்ல சொல்லு, கேட்போம்.

— "மூன்று கால்தான், ஆனாலும் நிற்கிறேன்.
சுவருக்கு என்னைத் தெரியும்.
ஏழு வருடமாக என்னைச் சரிசெய்யவும் இல்லை,
தூக்கிப் போடவும் இல்லை."

— இதுக்கா அரங்கமே கண்கலங்குச்சு? அந்த நாற்காலி மேல நான் துண்டுல்ல காயப்போடறேன்!

— சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஏழு வருஷமா நான் தற்காலிக டைப்பிஸ்ட். என்னை நிரந்தரம் பண்ற ஃபைல் இப்பதான் அம்மா மேசைக்கு வந்திருக்கு. அந்த மனுஷன் மேடையேறி "இது என் கவிதையே இல்லை"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என் சீட்டு கிழிஞ்சுது.

— பேப்பரை அவர் பார்த்தாச்சே.

— ஐயோ! எப்போ?

— டீ கொடுக்கப் போனேன்ல, அந்தப் பக்கத்தை வச்ச கண் வாங்காம பார்த்துட்டு இருந்தாரு.

— ஏதாவது கேட்டாரா?

— சர்க்கரை கேட்டாரு.

— அண்ணே!

— நிஜமாத்தான். அப்புறம் நம்ம அம்மா, "சார், அந்த நாற்காலிக் கவிதைதான் எனக்கு உயிர், வருஷா வருஷம் வகுப்புல நடத்தறேன்"னு ஒரே அளப்பு. அவரு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு.

— எந்த ரெண்டு பேரை?

— அம்மாவையும் பேப்பரையும்... கேட்டியா, கை தட்டறாங்க. ஆரம்பிச்சாச்சு. இரு, கதவிடுக்குல ஒரு கண்ணை வச்சுட்டு வந்துடறேன்.

— சீக்கிரம் போங்கண்ணே, எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை...

— தங்கச்சி! பிழைச்சுட்டே, போ!

— மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க.

— ஏறினதும் முதல் வேலையா உன் நாலு வரியத்தான் வாசிச்சாரு! கூட்டம் கப்சிப். முன்வரிசையில அந்த சோடாபுட்டிப் பேராசிரியர் கைக்குட்டைய எடுத்துட்டாரு. நீ அடிச்சது அடிச்சபடி நடக்குது!

— நிஜமாவா? என் வரிக்கா?

— உன் வரியா? அவரு வரி! முப்பது வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மழை நாள்ல, போய்ச் சேர்ந்த தன் அப்பாவ நினைச்சு எழுதினதுன்னு சொல்லிட்டாருல்ல.

— அவங்கப்பாவா?

— இல்லாத அந்த நாலாவது கால் அவங்கப்பாவாம். உடனே நம்ம அம்மா எழுந்து, இல்லை, அது தேசம்னாங்க. ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒருத்தி, சுவர்னா கடவுளான்னு கேட்டா. இருக்கலாம்னுட்டாரு. எதுவா இருந்தா நமக்கென்ன, உன் வேலை தப்பிச்சுது. அம்மா குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்காங்க, நாளைக்கே கையெழுத்துதான்.

— ஆமாண்ணே. தப்பிச்சேன். போதும்.

— கடைசியா ஒரு பையன்தான், அதென்ன ஏழு வருஷம்னு குடைஞ்சான்.

— அதுக்கு என்ன சொன்னாரு?

— அது ஒண்ணுமில்லை, சும்மா ஓசைக்காகப் போட்டதுன்னாரு.

— சும்மா ஓசைக்கா?

— அப்படித்தான் சொன்னாரு. ஏய், எழுந்து எங்க போறே? நாற்காலியை ஏன் நகர்த்தறே? துண்டு இன்னும் காயலை!

— துண்டை எடுத்துட்டு அந்தப் பக்கம் பிடிங்கண்ணே. ஏழு எதுக்குன்னு இந்த நாற்காலியே மேடையேறி வந்து சொல்லட்டும்.