ஒரு டம்ளர் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குறித்து ஒச்சாயி சொன்னது

என் பெயர் ஒச்சாயி. வயது இருபத்தொன்பது. கணவர் பெயர் வீரணன். ஆனையூரில் தண்ணீர் டேங்குக்குப் பின்புறம் உள்ள வாடகை வீட்டில் கணவருடனும் ஒரே மகளுடனும் குடியிருக்கிறேன். என் கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் பேரையூர் பக்கம். சித்திரைத் திருவிழாவன்று நான் என் கணவருக்கு ஏதோ மயக்க மருந்தைக் கரைத்துக் கொடுத்து அவர் விரதத்தையும் உடம்பையும் கெடுத்துவிட்டதாகக் கணவரின் அண்ணன் மொக்கைச்சாமி இந்தக் காவல் நிலையத்தில் மனு கொடுத்திருப்பதாகக் காவலர் ஒருவர் வந்து சொன்னார். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்திவிட்டு நானே நடந்து வந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல் நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் வீட்டில் ஆண்கள் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடன் உடையவர்கள். ஆட்டுத் தோலில் தைத்த தோப்பறை என்னும் பையில் தண்ணீர் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு, கருப்பசாமி வேடத்தில் வெல்வெட்டு உடுப்பும் சலங்கையுமாக, செருப்பில்லாமல் சாமி போகிற வழியெல்லாம் போவார்கள். காப்பு கட்டிய நாள் முதல் அழகர் மலைக்குத் திரும்பும் நாள் வரை சாப்பாட்டில் உப்புச் சேர்க்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மற்ற குடும்பங்களில் எப்படியோ எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து வருடா வருடம் உப்பில்லாமல் பொங்கிப் போட்டது நான்தான். அதற்கு நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சாமி காரியத்துக்கு நான் எதிரி என்று மனுவில் எழுதியிருப்பது பொய்.

சென்ற வருடம் இவர்களுடைய கூட்டத்தில் ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்துவிட்டார். அதனால் இந்த வருடம் திருவிழாவுக்கு முன்பே உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குப் பொடி கலந்து வைத்தேன். என் மகளுக்கு முன்பு வயிற்றுப்போக்கு வந்தபோது ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லித் தந்த அளவுதான் அது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வேறு ஒரு துகள்கூடக் கிடையாது. ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் என்று பாலிதீன் பையில் கட்டி வைத்தேன். அதில் உப்பு இருப்பதை நான் மறைக்கவில்லை. என் கணவரிடம் முதலிலேயே சொன்னேன். "அண்ணன் சரின்னா குடிக்கிறேன், இல்லைன்னா வேணாம்" என்று அவர் சொன்னார். என் கணவருக்கு எல்லாவற்றுக்கும் அண்ணன்தான்.

அதன் பிறகு மொக்கைச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தபோது பொட்டலங்களை அவர் முன்னால் வைத்து விவரம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அதே பாலிதீன் பைகளில் வேறு பொடியைக் கட்டிக்கொண்டு வந்தார். "ஒன் பவுடருதான், உப்ப மட்டும் எடுத்துட்டேன். அதுக்குப் பதிலா சீனியை ரெண்டு மடங்கா போட்டுட்டேன். இம்புட்டுத்தான் விசயம்" என்றார். உப்பை எடுத்துவிட்டால் அது வெறும் பாகுத் தண்ணீர் மாமா, வயிறு கெட்டிருக்கிறவன் குடித்தால் இன்னும் போகும் என்று நான் சொன்னேன். அதற்கு அவர், "சாமி காரியத்துல நீ வாய் வைக்காதத்தா" என்று சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டில் சோறு பொங்குவது நான், பாத்திரம் கழுவுவது நான், ஆனால் அந்தச் சோற்றில் உப்பு இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய என்னைத் தவிர எல்லோருக்கும் உரிமை உண்டு.

அதன் பிறகு என் கணவரும் அவர் அண்ணனும் கூட்டத்தோடு, மலையிலிருந்து வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு மூன்றுமாவடிக்குப் போனார்கள். அன்று எங்கேயோ ஐஸ் போட்ட தண்ணீர் குடித்ததில் என் கணவருக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நான் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கோரிப்பாளையத்துக்குப் போனேன். பகல் வெயிலில் கூட்டத்துக்கு நடுவே அவரைப் பார்த்தபோது கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. "எம்புட்டுத் தடவ போச்சு" என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினார், கணக்கில்லை என்பதாக. அண்ணன் கொடுத்த சீனித் தண்ணீரைத்தான் விடிந்ததிலிருந்து குடித்துக்கொண்டிருந்ததாகவும், குடிக்கக் குடிக்க வயிறு கலக்குவதாகவும் சொன்னார். வீட்டுக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்தேன். "ராமராயர் மண்டபத்துக்குப் போய் பையக் காலி பண்ணிட்டு வாரேன்" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு, சாமிக்குத் தண்ணீர் பீய்ச்சும் அந்த மண்டபத்தை நோக்கிச் சிறிது தூரம் நடந்தார். அதன் பிறகு அங்கேயே ஒரு சந்து முனையில் தோப்பறையோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடம் ஆட்டோ ஓட்டும் பரீத் என்பவருடைய வீட்டு வாசல். பரீத் குடும்பத்தார் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு வாசலில் டிரம் வைத்து நன்னாரி சர்பத் கொடுப்பவர்கள். "தங்கச்சி, அண்ணன நெழலுக்குத் தூக்குவோம்" என்று சொல்லிப் பரீத் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன். பரீத்தின் மனைவி நிலோபரிடம் உப்பும் சர்க்கரையும் கேட்டேன். அவர் காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து வைத்தார். என் கையாலேயே அளந்து கரைத்தேன். மனுவில் 'அந்நியர் வீட்டில் வாங்கிய பொடி' என்று எழுதியிருப்பதாக இப்போது படித்துக் காட்டினீர்கள். அந்த அந்நியர் வீட்டு சர்பத்தை மொக்கைச்சாமி போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மூன்று டம்ளர், நான்கு டம்ளர் என்று வாங்கிக் குடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குடிக்கும்போது அந்நியராகத் தெரியாதவர், ஒரு கை உப்புக் கொடுத்ததும் அந்நியராகிவிட்டார். இது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பரீத்திடம் நான் எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை.

என் கணவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, இதில் உப்பு இருக்கிறது என்று அவர் காதில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அது சம்மதமா, தலை தானாக ஆடியதா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. விளங்கும்வரை காத்திருக்கவும் இல்லை. மடக்கு மடக்காகக் கொடுத்தேன். ஒரு டம்ளர் உள்ளே போனது. இரண்டாவது டம்ளரை வாயில் வைக்கும்போது மொக்கைச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "என்னத்தக் கலக்குன" என்று கேட்டார். உப்பும் சர்க்கரையும் என்று சொன்னேன். டம்ளரைத் தட்டிவிட்டார். அது பரீத் வீட்டு வாசற்படியில் உருண்டு போனது. மயக்க மருந்து என்று இப்போது சொல்கிறவர், ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவர் விரதம் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு என் கணவருக்குக் கண் செருகியது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று நான் நிறுத்திவிட்டேன். பரீத் தன் ஆட்டோவை எடுத்து, போலீஸார் கயிறு கட்டியிருந்த இடங்களில் கெஞ்சிக் கேட்டு வழி வாங்கி, எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மொக்கைச்சாமியும் வேடத்தோடு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

திருவிழாக் கூட்டம் என்பதால் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். சாய்பிரசாத் என்னும் இளம் டாக்டர் வந்து பார்த்து ஊசி குத்திப் பாட்டில் ஏற்றினார். பாட்டிலை மாட்ட ஸ்டாண்டு இல்லாததால் யாராவது பிடித்துக்கொள்ளச் சொன்னார். மொக்கைச்சாமிதான் வாங்கிப் பிடித்தார். அது முடிந்ததும் அடுத்த பாட்டிலையும் அவரே பிடித்தார். கை மாறி மாறி, காலில் சலங்கையோடு, கண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அவர் தம்பி மேல் பாசம் இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் பாட்டிலைத் தரவில்லை.

என் கணவர் கண் திறந்த பிறகு நான் டாக்டரிடம், பாட்டிலில் இருப்பது என்ன என்று மொக்கைச்சாமி கேட்கும்படியே கேட்டேன். "உப்புத் தண்ணிதாம்மா. ஒடம்புல இருந்த உப்பெல்லாம் வெளிய போயிருச்சு, அதான் ஏத்துறோம்" என்று டாக்டர் சொன்னார். நான் மொக்கைச்சாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் பாட்டிலை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அது நரம்புல போகுது. வாய்வழியா போனாத்தான் வெரதம் கெடும்" என்றார். இதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் கொடுத்தது ஒரு டம்ளர். அவர் தன் கையாலேயே தூக்கிப் பிடித்து ஏற்றியது இரண்டு பாட்டில். எனக்கு மட்டும் ஸ்டேஷன்.

அதன் பிறகு பேரையூரிலிருந்து பங்காளிகள் வந்தார்கள். என் மாமனார் காலத்திலிருந்து தண்ணீரோடு வீடு திரும்பாத தோப்பறை இந்த வருடம் திரும்பிவிட்டது, அதற்கு நான் கொடுத்த உப்புதான் காரணம் என்று பேசினார்கள். குலசாமி கோவிலில் பங்காளிகள் எல்லோர் காலிலும் நான் விழுந்து எழ வேண்டும், இல்லாவிட்டால் நான் என் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும், வீரணனும் பிள்ளையும் பேரையூருக்கு வந்துவிடுவார்கள் என்று முடிவு செய்தார்கள். இதையெல்லாம் என் கணவரின் பாயைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசினார்கள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பங்காளிகள் பேசியதைவிட அவர் பேசாமல் கிடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. உயிரைப் பிடித்து நிறுத்தியவளை வீட்டை விட்டு அனுப்பப் பேசுகிறார்கள், ஒரு வார்த்தை இல்லை. அன்று இரவு முழுவதும் அவரோடு நான் பேசவில்லை.

மறுநாள் டாக்டர், இனிப் பாட்டில் வேண்டாம், உப்புச் சர்க்கரைக் கரைசலை வாய்வழியாகவே கொடுக்கலாம் என்று சொன்னார். வார்டு நர்சிடம் அளவைச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கரைத்துக் கொண்டுபோனேன். நான் போனபோது மொக்கைச்சாமியும் இரண்டு பங்காளிகளும் இருந்தார்கள். "கால்ல விழுந்துட்டா முடிஞ்சு போச்சு. இதுல என்ன கௌரவம் கொறையுது" என்று மொக்கைச்சாமி என்னிடம் கேட்டார். குறைகிறது மாமா என்று சொன்னேன். அவர் மேலே பேசுவதற்குள் என் கணவர் எழுந்து உட்கார்ந்து, "ஒச்சாயி, அதுல ஒரு டம்ளர் ஊத்து" என்றார்.

அழகர் அன்று இன்னும் மலைக்குத் திரும்பவில்லை. மொக்கைச்சாமி அதைச் சொன்னார். "காப்பு இன்னும் கையிலதாண்டா கெடக்கு" என்றார். "தெரியும்ணே" என்று என் கணவர் சொன்னார். நான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அண்ணனைப் பார்த்துக்கொண்டே மெதுவாக முழுவதையும் குடித்தார். குடித்து முடித்து, "அன்னைக்கும் உப்புன்னு சொல்லித்தான் குடுத்தா. தெரிஞ்சுதான் குடிச்சேன். விழுகணும்னா நான் விழுகுறேன், அவளச் சொல்லாதீங்க" என்றார். எனக்கு அப்போது அழுகை வந்தது. அங்கே அழக் கூடாது என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

அதன் பிறகு மொக்கைச்சாமி எழுந்து போனார். போனவர் நேராக இங்கே வந்துதான் மனு கொடுத்திருக்கிறார். மனுவின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி வாசற்படியில் விழுந்து கிடந்த அன்று அவருக்கு மயக்க மருந்து என்ற சந்தேகம் வரவில்லை. வராந்தாவில் பாட்டில் பிடித்து நின்றபோதும் வரவில்லை. தன்னைக் கேட்காமல் தம்பி ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் நான் விஷம் வைத்தவள் ஆனேன்.

வருத்தம் தெரிவித்துச் சமாதானமாகப் போகச் சம்மதமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். சம்மதம் இல்லை. வருத்தப்படும்படி நான் எதுவும் செய்யவில்லை. அடுத்த வருடமும் உப்பில்லாமல் பொங்கிப் போடுவேன். அவர் கண் உள்ளே போனால் அடுத்த வருடமும் கரைப்பேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் 'மேற்படி மருந்து' என்று எழுதியிருந்தது. அப்படி நான் சொல்லவில்லை என்றேன். ஏட்டையா அவற்றை அடித்துவிட்டு 'உப்பு, சர்க்கரை, தண்ணீர்' என்று எழுதினார். மறுபடி முழுவதும் படிக்கக் கேட்டேன். இப்போது நான் சொன்னபடி இருக்கிறது. இதில் பொய் இல்லை.

(ஒப்பம்) வீ. ஒச்சாயி